நடந்துகொண்டே பார்க்கும் பந்தயம்

டிசம்பர் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒதுங்கி நின்று, போனில் ஒரு சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த அக்கா மகன் கேட்டான்: "இன்னா மாமா, சைக்கிள்னா ஓட்டணும். இவங்க இன்னாத்துக்குத் தோள்மேல போட்டுக்கினு ஓடறாங்க?" டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணனும் திரும்பிப் பார்த்தார். அவர் கேட்டது வேறு: "அது கெடக்கட்டும்பா. அந்த மழையில அவ்ளோ ஜனம் கயித்தோரம் நின்னுக்கினு இன்னா பண்ணுது?"

பையனுக்குப் பதில் சொல்வது சுலபம். அண்ணன் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அன்றைக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பந்தயத்துக்கு சைக்கிளோகிராஸ் என்று பெயர். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் குளிர்காலம் முழுக்க, செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை நடக்கும். புல்வெளி, மணல், சேறு, மேடு, சில இடங்களில் படிக்கட்டு என்று எல்லாம் கலந்த பாதை. சர்வதேச விதிப்படி ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர். பாதையின் அகலம் குறைந்தது 3 மீட்டர் இருக்க வேண்டும். முன்னணி ஆண்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரமும், பெண்கள் 50 நிமிடம்போலவும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எத்தனை சுற்று என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் இரண்டு சுற்றின் வேகத்தைப் பார்த்து நடுவர்கள் கணக்குப் போடுவார்கள். மூன்றாவது சுற்றிலிருந்து மீதி எத்தனை என்று பலகையில் தெரியும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள்.

பாதையின் குறுக்கே ஓரிடத்தில், 40 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள இரண்டு பலகைகளை 4 மீட்டர் இடைவெளியில் நிறுத்தியிருப்பார்கள். ஓட்டிக்கொண்டு வருபவர் ஓடும் சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிளைத் தூக்கி, இரண்டையும் தாண்டி, ஓடிக்கொண்டே மறுபடி ஏறி உட்கார வேண்டும். சிலர் இறங்காமல் சைக்கிளோடு குதித்தே தாண்டுவார்கள். செங்குத்தான சேற்று மேடு வந்தால், நம்மூரில் பிள்ளைகளை உட்கார வைக்கும் பார் கம்பி இருக்கிறதே, அதற்குக் கீழே கையை விட்டு வலது தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டம்தான். சேறு அப்பிய சக்கரத்தை மிதித்து ஏறுவதைவிட அந்த இடத்தில் கால்தான் வேகம். டயரின் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. நம்ம பெரிய சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயரே 38 மில்லிமீட்டர் வரும். அதைவிட ஒல்லியான டயரோடு சகதியில் இறங்குகிறார்கள். பிடிப்புக் கிடைப்பதற்காகக் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவார்கள். நம்ம பஞ்சர் கடைக்காரர் அந்த டயரை அழுத்திப் பார்த்தால், "காத்தே இல்லையே" என்று பம்ப்பை எடுத்துவிடுவார்.

வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1900களின் தொடக்கத்தில் பிரான்சில் டானியேல் கூஸோ என்ற படைவீரர், குதிரையில் காட்டுக்குள் போகும் நண்பர்களோடு தானும் சைக்கிளில் போய்ப் பழகியதிலிருந்து இது வளர்ந்ததாகச் சொல்வார்கள். 1902இல் பிரான்சின் முதல் தேசியப் போட்டியை அவர்தான் நடத்தினார். 1910இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சாலைப் பந்தயத்தை வென்ற ஆக்டாவ் லாபீஸ், குளிர்காலத்தில் இப்படிச் சேற்றில் ஓட்டியதுதான் தனக்குப் பலம் கொடுத்தது என்று சொன்ன பிறகு சாலைப் பந்தயக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. வென்றவர் ஜான் ரோபிக், அவரும் 1947இல் டூர் வென்றவர். பெண்களுக்கான உலகப் போட்டி 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. ஐம்பது வருடம் தாமதம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். அந்த ஜனம் அங்கே நிற்பதற்குக் காரணம் பாதையின் அமைப்பில் இருக்கிறது. சாலைப் பந்தயம் பார்க்கப் போனால் காலையிலிருந்து ஒரு மரத்தடியில் காத்திருக்க வேண்டும். முன்னால் போலீஸ் வண்டிகள், பின்னால் ஒரு வண்ணக் கூட்டம், விர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யார் முன்னே, யார் பின்னே என்று பிடிபடுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். சைக்கிளோகிராஸில் ஒரு சுற்றுக்கு ஆறு முதல் எட்டு நிமிடம். நீங்கள் நிற்கிற இடத்துக்கு அதே ஆள் ஏழெட்டுத் தடவை வருவார். பாதையை முறுக்கு பிழிந்ததுபோல மடித்து மடித்துப் போட்டிருப்பதால், ஒரு மேட்டில் ஏறி நின்றால் மூன்று இடங்களை ஒரே சமயத்தில் பார்க்கலாம். குறுக்கே முப்பது அடி நடந்தால் நான்காவது இடம். நடந்து போய்ப் பார்க்கும் மனிதர்களுக்காகவே பின்னிய பாதை மாதிரி இருக்கும்.

சுற்றுப் பந்தயம் வடசென்னைக்குப் புதிதல்ல. ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்து கார், பைக் ரேஸ்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்த பிறகு சோழவரம் அடங்கிவிட்டது. என் அப்பா ஜி.என்.டி. ரோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டே அங்கே போய்ப் பார்த்தவர். "ஒரே திருப்பத்துல நில்லுடா, எல்லா ரவுண்டும் அங்கியே பாரு, அப்பதான் யார் எங்க தப்பு பண்றான்னு தெரியும்" என்பார். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவு கார் பந்தயம் நடந்ததே, அந்தப் பாதையும் 3.5 கிலோமீட்டர்தான், சைக்கிளோகிராஸின் உச்ச அளவு. ஆனால் அங்கே கம்பி வலைக்குப் பின்னால் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சைக்கிளோகிராஸில் வாங்கிய டிக்கெட்டில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். நடப்பது இந்தப் பந்தயத்தைப் பார்ப்பதில் பாதி.

எனக்கு இது பிடிபட்டது வேலை விஷயமாக ஒரு குளிர்காலம் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் இருந்தபோது. பெரிய நட்சத்திரங்கள் வரும் போட்டியை விட்டுவிட்டு, முதலில் ஒரு கிராமத்துப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார்கள். அது என் அதிர்ஷ்டம். ஒரு மாட்டுப் பண்ணையின் மேய்ச்சல் நிலம். மேசை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார் ஒரு வயதான அம்மா. காலையில் பொடிப் பிள்ளைகள், அப்புறம் இளைஞர்கள், பெண்கள், ஐம்பது வயதுக்காரர்கள் என்று சாயங்காலம் வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஓட்டிய ஆள் பத்து மணிக்கு முகத்தில் காய்ந்த சேற்றோடு, கையில் சூப் டம்ளரோடு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவர் மகளின் பந்தயம். மதியம் அவருடைய அப்பாவின் பந்தயம்! உள்ளூர்ப் பந்தயத்தில் பார்ப்பவர்களும் ஓட்டுபவர்களும் ஒரே ஜனம். இடையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாடா.

பார்க்கும் முறைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்ததும் அந்த சூப் டம்ளர்காரர்தான். ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் அதைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்து, இரண்டாவது ஆள் தாண்டும்போது நிறுத்த வேண்டும். மூன்றாவது சுற்றில் ஒன்பது நொடி, நான்காவதில் ஏழு, ஐந்தாவதில் நாலு என்று வந்தால், பின்னால் வருபவர் எங்கேயோ வேகமாக இருக்கிறார். எங்கே? கண்ணுக்கு எதிரே இருக்கும் சேற்று மேட்டில் இரண்டு பேரும் ஒரே வேகம் என்றால் மணலில் இருக்க வேண்டும். உடனே குறுக்கே நடந்து மணலுக்குப் போய் நின்று, அங்கே எண்ணிப் பார்க்கலாம். டிவியில் கேமரா எதைக் காட்டுகிறதோ அதுதான் பந்தயம். நேரில் நீங்களே துப்பறிந்து தெரிந்துகொள்வீர்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதில் இன்னொரு விஷயம், முப்பதாவது இடத்துக்கும் முப்பத்தொன்றாவது இடத்துக்கும் நடக்கும் சண்டை. முதல் ஆள் தனியாகப் போய்விட்டாலும் பின்னால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விடாமல் உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அண்டை வீட்டுக்காரர்களாகக்கூட இருப்பார்கள். சர்வதேசப் போட்டிகளில், முதல் ஆளின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதம் அளவுக்குப் பின்தங்கியவர்களை நடுவர்கள் வெளியே எடுத்துவிடுவார்கள். முதல் ஆளுக்கு ஏழு நிமிடச் சுற்று என்றால், ஐந்தரை நிமிடம்போலப் பின்தங்கியதும் உங்கள் பந்தயம் முடிந்தது. உள்ளூரில் பல இடங்களில் இந்த விதியைத் தளர்த்திவிடுவார்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை கைதட்டிக்கொண்டு நிற்பது அங்கே சாதாரண மரியாதை.

எங்கே நிற்பது? தொடக்கத்தைத் தவற விடாதீர்கள். அகலமான நேர்ப்பாதையில் அறுபது பேர் ஒன்றாகப் பாய்ந்து, முதல் திருப்பத்தில் மூன்று மீட்டர் பாதைக்குள் நுழைவார்கள். அங்கே பின்னால் மாட்டிக்கொண்டவருக்கு அதிலிருந்து மீளவே பாதிப் பந்தயம் போய்விடும். பிறகு பலகைத் தடுப்பு. அது முடிந்ததும் பிட்டுக்கு, அதாவது சைக்கிள் மாற்றும் இடத்துக்குப் போய்விடுங்கள். ஒரே சுற்றில் இரண்டு தடவை கடந்து போகும்படி பிட்டை அமைத்திருப்பார்கள். சேறு அப்பிய சைக்கிளை எறிந்துவிட்டு, துடைத்து வைத்த இன்னொன்றை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். எறிந்த சைக்கிளை மெக்கானிக் தூக்கிப் போய், நம்மூர் வாட்டர் சர்வீஸில் வண்டி கழுவுகிற அதே மாதிரி பிரஷர் பைப்பில் அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கியரைச் சரிபார்த்து, மூன்று நான்கு நிமிடத்தில் அடுத்த தடவைக்குத் தயாராக நிற்க வேண்டும். சக்கரத்திலும் சட்டத்திலும் ஒட்டும் சேறு கிலோக்கணக்கில் சேரும். அதைக் கழற்றுவது பந்தயத்தில் பாதி வேலை. கிராமத்துப் பந்தயத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே சைக்கிள்தான். அண்ணனோ மனைவியோ ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மெக்கானிக் கடை வாசலில் உட்கார்ந்து வளர்ந்த நமக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் கடலோர ஊரான கோக்ஸைடேயில் மணற்குன்றுகளின் மேலேயே பாதை போகும். 2012இல் அங்கே உலகப் போட்டி நடந்தபோது 60,000 பேர்போலத் திரண்டார்கள். ஒரு மணல் மேட்டைச் சுற்றி அத்தனை பேர். அதே நாட்டில் ஸோன்ஹோவன் என்ற ஊரில் ஒரு பெரிய மணல் குழி இருக்கிறது. ஓட்டுபவர்கள் அதற்குள் சரிந்து இறங்கும்போது சுற்றிலும் விளிம்பில் ஜனம் நிற்கும். மணலில் முன்னால் போனவரின் சக்கரத் தடம்தான் வழி. அதிலிருந்து ஒரு விரற்கடை விலகினாலும் நின்றுவிடும். எண்ணூர்ப் பக்கம் கடற்கரையில் சைக்கிள் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அப்புறம் சத்தம். அங்கே கையில் மாட்டு மணி வைத்திருப்பார்கள். மேய்ச்சல் மாட்டின் கழுத்தில் கட்டும் அதே மணி. யார் வந்தாலும் ஆட்டுவார்கள், கடைசி ஆளுக்கு இன்னும் அதிகமாக. அமெரிக்காவில் உள்ளூர்ப் பந்தயங்களில் வேஷம் போட்டுக்கொண்டு வருவதும், ஓட்டுபவர் கைக்கெட்டும்படி டாலர் நோட்டையோ டோனட்டையோ நீட்டுவதும், வாய்விட்டுக் கலாய்ப்பதும் உண்டு. கலாய்ப்பது என்றால் என்ன என்று வடசென்னைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வியாசர்பாடி கிரவுண்டில் கோல் போஸ்ட்டுக்கு மேலே அடித்தவனிடம், "பந்து பெரம்பூர் போயிடுச்சு, போய் எடுத்தா" என்பார்கள். பெயர் தெரிந்தவனைத்தான் அப்படிச் சொல்ல முடியும். அவன் அடுத்த தடவை கோல் போட்டால் அதே வாய்தான் முதலில் விசில் அடிக்கும். கலாய்ப்பு அந்த உறவுக்குள் இருக்கும்வரை அழகு.

அந்த உறவு இல்லாத இடத்தில் அது கெட்டுப்போகிறது. 2023 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹுல்ஸ்ட் நகரத்தில், பலமுறை உலகப் பட்டம் வென்ற மத்யூ வான் டெர் பூல், ஓரத்தில் நின்ற சிலரின் தொல்லையில் பொறுமையிழந்து அவர்கள் பக்கம் துப்பினார். அவருக்கு 250 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விதித்தார்கள். துப்பியது தவறுதான். ஆனால் மூன்று அடி தூரத்தில், வேலி இல்லாமல், ஒருவர் மூச்சு வாங்க ஓட்டிப் போகும்போது எதைச் சொல்கிறோம், எதை வீசுகிறோம் என்பதில் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. பக்கத்தில் நிற்க விட்டது நம்மேல் உள்ள நம்பிக்கையால்.

பார்ப்பவர்களே இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021இல் கோவிட் காலத்தில், பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் கடற்கரையில் ஜனம் இல்லாமல் உலகப் போட்டி நடந்தது. அலையோரத்தில் ஓட்டினார்கள், அருமையான பந்தயம். எங்கள் வீட்டில் போன் வழியாகக் கேட்டது காற்றின் சத்தமும் செயின் சத்தமும்தான். மணி இல்லை. பந்தயத்துக்குள் ஏதோ ஒரு பக்கம் திறந்து கிடப்பதுபோல இருந்தது.

இதையெல்லாம் இங்கிருந்து நான் ஏன் இவ்வளவு அக்கறையோடு சொல்கிறேன் என்றால், ஓரமாக நின்று பார்ப்பதில் தேர்ந்த ஊர் இது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதைகளைப் பேசாத திண்ணை இருந்ததில்லை. கேரம் போர்டைச் சுற்றி இருபது பேர் மூச்சடக்கி நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். அப்படிப்பட்ட தெருக்களிலிருந்துதான் 2008இல் கேரம் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகி வந்தார். 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமாவும் வந்தார். ஒரு விளையாட்டை நெருக்கமாக நின்று பார்க்கிற கூட்டம், அடுத்து ஆடப்போகிற பிள்ளைகளை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. கெண்ட் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் நான் கண்டதும் அதுவேதான்.

இங்கே அப்படி ஒன்று நடத்த முடியுமா என்று அக்கா மகன் கேட்டபோது, விளையாட்டாகக் கணக்குப் போட்டோம். கால்பந்து மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்றால் ஏழாயிரம் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று மீட்டர் பாதை, பக்கத்தில் நிற்க ஒரு மீட்டர் என்று மடித்துப் போட்டால், பிள்ளைகளுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று தாராளமாக அடங்கும். அங்கே சீசன் நடக்கும் மாதங்கள்தான் நமக்கும் வடகிழக்குப் பருவமழை. சேற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம்மூர் டிசம்பர்ச் சேறு மண்ணும் மழையும் மட்டும் கலந்ததல்ல. சாக்கடை பொங்கி நிற்கும் நீரில் பிள்ளைகளை இறக்க முடியாது, எலிக்காய்ச்சல் பயம் உண்மையான பயம். தண்ணீர் வடிந்து, பொங்கல் முடிந்து, கிரவுண்டு காய்ந்த பிறகுதான் சரிப்படும். காய்ந்த தரையில் நடந்தாலும் அது சைக்கிளோகிராஸ்தான். அமெரிக்காவில் பாலைவன ஊரான லாஸ் வேகாஸில்கூடப் பல வருடம் புல்தரையில் நடத்தியிருக்கிறார்கள்.

அங்கே ஆண்கள் பந்தயம் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிவாக்கில் தொடங்கும். நமக்கு இரவு ஏழரை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் ஏறக்குறைய தினமும் ஒன்று இருக்கும். டீக்கடை அண்ணன் இப்போதெல்லாம் அந்த நேரத்தில் போனை பாட்டில்மேல் சாய்த்து வைத்துவிடுகிறார். கிளாஸ் கழுவிக்கொண்டே முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவில் எண்ணுவார்.

போன காணும் பொங்கலன்று எங்கள் சந்தில் இரண்டு சென்ட்ரிங் பலகையைச் செங்கல் முட்டுக் கொடுத்துக் குறுக்கே நிறுத்தினான் அக்கா மகன். எட்டு அங்குலம், அதாவது இருபது சென்டிமீட்டர். விதியில் பாதி உயரம். அவனோடு இன்னும் நான்கு பேர், இரண்டு சைக்கிள். இறங்கி, தூக்கி, தாண்டி, ஏறும்போது விழுந்து, மறுபடி. மூன்றாவது வீட்டுப் பாட்டி முதலில் சத்தம் போட வெளியே வந்தார். பிறகு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டு, "அந்தச் செவப்புச் சட்டைக்காரன் எறங்கறதுல லேட் பண்றான்" என்றார். கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.